அபா குவான்சிமா கடலை மூடச் சொன்னாள்

அபா குவான்சிமாவின் மீன் புகையடுப்பும் என் புகையடுப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அவள் வீட்டுச் சண்டை, அவள் கடன்காரர்கள், அவள் பாட்டு எல்லாம் அந்தத் தட்டி வழியாக எனக்கு வந்து சேரும். என் வீட்டுக் கதையும் அவளுக்கு அப்படித்தான் போயிருக்கும்.

அவள் எங்கள் கடற்கரை ஊர் என்சுவானோவில் பிறந்தவள் இல்லை. வடக்கே கொக்கோ காட்டு ஊர். வாழைத்தார் விற்க லாரியில் வந்தவள், கரையில் ஒரு தோணிக்காரனோடு மீன் விலைக்காகக் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டாள். அந்தத் தோணிக்காரன் குவாமெனா எஜிர். அடுத்த மழைக்காலத்தில் அவனையே கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். கரைக்காரிகளுக்கு அவள் எப்போதும் "காட்டுக்காரி"தான். ஆனாலும் அவள் புகைபோட்ட சாளைக்குக் குமாசி சந்தையில் ஆள் காத்திருக்கும். தட்டில் மீனை அடுக்கும்போது அவள் யாரோடும் பேச மாட்டாள். மற்ற நேரத்தில் அவளை நிறுத்த முடியாது.

கொஞ்ச வருடங்களாக மீன் கெட்டுப்போயிருந்தது. கெட்டது என்றால் நாற்றமடிப்பது இல்லை. அடுப்பில் சூடு ஏறியதும் முதுகு வெடித்து, புரட்டும்போது கையிலேயே மாவாக உதிர்ந்துவிடும். ராத்திரியில் விளக்கைக் கட்டி மீனைக் கூட்டி, தண்ணீரில் மருந்தைக் கலக்கிப் பிடித்த மீன் அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எந்தத் தோணி அப்படிப் பிடிக்கிறது என்றும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. பிடிக்கிறவன் நம் புருஷன், இல்லை அண்ணன், இல்லை மருமகன்.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கடலுக்குப் போகாத நாள். ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்துவார்கள். அன்றைக்கெல்லாம் இதே பேச்சுதான். தோணிக்காரர் சங்கம் சொன்னது, தேமா துறைமுகத்து இழுவலைக் கப்பல்கள்தான் கடலைத் துடைத்து எடுத்துவிட்டன என்று. கப்பல்காரர் சங்கம் வானொலியில் சொன்னது, மீனுக்கு ஒரு குறையும் இல்லை, தோணிகள்தான் கணக்கில்லாமல் பெருத்துவிட்டன என்று. கடலுக்கு ஓய்வு கொடுக்க ஒரு மாதம் மூடலாமா என்று அரசாங்கம் கேட்டதும் இரண்டு சங்கமும் முதன்முறையாக ஒன்று சேர்ந்து, மூடக் கூடாது என்றன. அவரவர் சொன்ன காரணம் மட்டும் வேறு.

கேப் கோஸ்டில் எல்லாச் சங்கத்தையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். புகைபோடும் பெண்களிலிருந்தும் இரண்டு பேர் வரலாம் என்றார்கள். நானும் அபாவும் போனோம். பேசுவதற்காகப் போகவில்லை. மதியச் சாப்பாடு உண்டு என்று சொன்னார்கள், போனோம்.

கப்பல்காரர்கள் சார்பில் பேசியவன் லார்யே என்கிற கேப்டன். நடுவயது, நல்ல சட்டை, சிரிக்கிற முகம்.

"கடல் நல்லாத்தான் இருக்கு. ஆழத்துக்குப் போறவங்க நாங்க, எங்களுக்குத் தெரியாதா? கரையோரமா நின்னுக்கிட்டு மீன் இல்ல மீன் இல்லன்னா என்ன பண்றது?" என்றான்.

எங்கள் மீனவர் தலைவர் நானா எம்பிர் எழுந்தார். தலைவர்களை நாங்கள் நானா என்றுதான் அழைப்போம். பெரிய மனிதர், எதையும் மெதுவாகத்தான் சொல்வார். "இருட்டினதும், தோணிக்குன்னு ஒதுக்கின எங்க கரையோர எல்லைக்குள்ள வந்து வழிச்சுட்டுப் போறவனுக்குக் கடல் நல்லாத்தான்யா இருக்கும்."

"நீங்க விளக்குப் போட்டுப் பிடிக்கலையா நானா?"

"எங்க ஊர்ல ஒரு தோணியிலயும் விளக்கு கிடையாது."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அபா எழுந்து நிற்கிறாள். அவள் துணியைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"கேப்டன் தம்பி, நீ நடுக்கடல்ல வெச்சு விக்கிற ஐஸ்கட்டி மீன நான் ஒடச்சுப் பாத்திருக்கேன். உள்ள இருக்கிறது என் சுண்டு விரல் நீளம். அதுக்கு அம்மா யாருன்னே தெரியாது, அதைப் போயி அள்ளியிருக்க. நானா, நீங்க எனக்கு அப்பா மாதிரி. ஆனா நம்ம தோணி கொண்டாரதும் அதே சுண்டு விரல்தான். விளக்கு வெச்சது, மருந்து போட்டது. அடுப்புல வெச்சா மாவா போவுது, அதைத்தான் பிள்ளைங்களுக்குத் திங்கக் குடுக்குறோம். நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கையக் காட்டிக்கிட்டே இருங்க. மூடுங்க. கப்பலையும் மூடுங்க, தோணியையும் மூடுங்க, ஒரே மாசத்துல மூடுங்க."

கூட்டத்தை நடத்திய மீன்வளத்துறை அம்மா குனிந்து, "எந்தத் தோணின்னு சொல்ல முடியுமாம்மா?" என்று கேட்டாள்.

"அது முடியாது. எனக்குப் புருஷன் வேணும்" என்றாள் அபா.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்கும் முன்பே அவள் கை வாயைப் பொத்தியதை நான் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிட்டாள். நானா எம்பிர் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாப்பிடும்போது அந்த அம்மா எல்லாருடைய போன் நம்பரையும் வாங்கி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாள். லார்யே தட்டோடு எங்கள் பக்கம் வந்தான். "அக்கா, உங்க நாக்கு எங்க வலைய விட நீளம்" என்றான்.

"உன் வலைக்கண்ணைக் கொஞ்சம் பெருசாக்கு, என் நாக்கு தானா சின்னதாயிடும்" என்றாள் அபா. ஆனால் வாய்தான் பேசியது. தன் சோற்றை என் தட்டில் தள்ளிவிட்டாள்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் பேச்சு ஊருக்கு வந்துவிட்டது. மறுநாள் தோணிகள் கரையேறியபோது அபா பெரிய அலுமினியத் தட்டோடு போய் நின்றாள். ஒருவரும் அவளுக்கு மீன் போடவில்லை. விலை சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவள் அங்கே இல்லாத மாதிரி அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போட்டார்கள். குவாமெனாவின் தோணியிலும் அப்படியே. அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. குவாமெனாவின் அக்கா எகுவா பெந்த்சிவாதான் கடைசியில் வாய் திறந்தாள்.

"காட்டுக்காரி, நீ கடலை மூடு. நாங்க கூடையை மூடிக்கிறோம்."

எங்கள் பக்கம் புருஷன் அவன் தாய்வீட்டிலும், பெண்டாட்டி அவள் வீட்டிலும் இருப்பது வழக்கம். சாயங்காலம் சமைத்துப் புருஷன் வீட்டுக்குச் சட்டி அனுப்புவாள் பெண்டாட்டி. அந்தச் சட்டி போய் வருவதுதான் குடும்பம் நடக்கிறது என்பதற்கு அடையாளம். அன்று மகள் எசி கொண்டுபோன சட்டி மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படித்தான். அபா தினமும் அனுப்பினாள். திரும்பி வந்ததை என்னையும் உட்கார வைத்துச் சாப்பிட்டாள். "உப்பு சரியா இருக்கா பாரு. சட்டி திரும்பி வந்ததுக்கு உப்பு காரணமா இருக்கக் கூடாது" என்பாள். தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்குக் கேட்கும். காலையில் கேட்டால் புகை என்பாள்.

குளிர்கிடங்கிலிருந்து வெளிநாட்டு ஐஸ்பெட்டி மீனை வாங்கிப் புகைபோட்டுக் காலம் தள்ளினாள். அந்த மீனில் அவளுக்கு மனசு ஒட்டவில்லை.

அந்த வருடம் ஜூலையில் கடலை மூடினார்கள். கப்பலுக்கும் சேர்த்துத்தான் மூடினார்கள். அவள் சொன்னதால் மூடினார்களா, முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கூட்டம் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஊர் அவள்தான் மூடினாள் என்றது. தோணிகளை மணலில் மேலே ஏற்றிப் பனையோலை போட்டு மூடினார்கள். ஆண்கள் சீட்டாடினார்கள், சண்டை போட்டார்கள், மறுபடியும் சீட்டாடினார்கள். அரசாங்கம் கொடுத்த அரிசி சீக்கிரமே தீர்ந்தது. சின்னப் பிள்ளைகள்கூட அபாவைக் கண்டால், "இந்தாம்மா, கடலைத் திற" என்று கத்திக்கொண்டு ஓடும்.

அவள் தன் பிறந்த ஊருக்குப் போனாள். அண்ணன் தம்பிகளிடம் கெஞ்சி, ஒரு லாரி மரவள்ளியும் வாழைக்காயும் ஏற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் அடுப்படியில் கொட்டி, "வேணுங்கிறவங்க எடுத்துக்கங்க, மீன் வந்ததும் மீனாக் குடுங்க" என்றாள். முதலில் யாரும் வரவில்லை. நான் எடுத்தேன். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எகுவா பின்பக்கமாக வந்து ஒரு கூடை கொண்டுபோனாள். போகும்போது, "இதை வெச்சு நான் மன்னிச்சேன்னு நெனக்காதே" என்றாள்.

"மரவள்ளிய மட்டும் வேகவையுங்க அத்தாச்சி. மன்னிப்பு பச்சையாவே கெடக்கட்டும்" என்றாள் அபா.

கடல் திறந்த அன்று காலையில் மேளம் அடித்தார்கள். நானா எம்பிர் கடலில் மது வார்த்து முன்னோர்களிடம் பேசினார். தோணிகளைத் தள்ளும்போது முழு ஊரும் கை கொடுத்தது. குவாமெனாவின் தோணி மஞ்சள் நிறம், பக்கத்தில் "பேசுறவன் பேசட்டும்" என்று எழுதியிருக்கும். பதினாலு பேர் ஏறினார்கள். அபாவும் தள்ளினாள். அவள் தள்ளுவதைக் குவாமெனா பார்த்தான். விளக்குக் கம்பம் தோணியில் இல்லை என்பதை அவள் பார்த்தாள்.

மத்தியானத்துக்கு மேல் தோணிகள் வரத் தொடங்கின. மீன் இருந்தது. குவியல் குவியலாக இல்லை, ஆனால் உள்ளங்கை நீளச் சாளை, முதுகு நீலமாக மினுங்க. பெண்கள் கூச்சல் போட்டார்கள், நானும் போட்டேன். ஒவ்வொரு தோணியாக வந்தது. மஞ்சள் தோணி வரவில்லை.

இருட்டும் வரை நின்றோம். ஆழத்துக்குப் போயிருப்பான், வருவான் என்றார்கள். விடிந்தது, வரவில்லை. தேடப் போன தோணிகள் சூரியன் ஏறியதும் வெறுமனே திரும்பின. அதுவரை அழுதுகொண்டிருந்த எகுவா, கரையில் உட்கார்ந்திருந்த அபாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எஞ்சின்தான் நின்னு போயிருக்கும். ஒரு மாசம் அது உப்புக் காத்துல சும்மா கெடந்துச்சு. தினம் ஓடிட்டு இருந்தா நின்னிருக்குமா? சொல்லு. யார் மூடச் சொன்னது? என் தம்பிய யார் கொண்டுபோனது?"

அபா காலடி மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். எகுவா போனதும் என்னிடம் கேட்டாள்.

"அவ சொல்றது சரிதானே? எஞ்சினை நான் நெனச்சே பாக்கல. மீனைத்தான் நெனச்சேன்."

"எஞ்சினைப் பாத்துக்க வேண்டியது உன் புருஷன்" என்றேன்.

"அவருக்கு அந்த மாசம் முழுக்க மனசு சரியில்ல. அதுவும் நான்தானே."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? வெயில் உறைத்தது. யாரோ கொண்டுவந்து வைத்த டொக்கோனு என்கிற புளித்த சோள மாவு உருண்டை வாழையிலைப் பொதியோடு அப்படியே கிடந்தது.

உச்சிவெயிலில் அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நாக்கு நீளமான அக்காவா?"

சத்தமாக வைத்திருந்தாள், எனக்கும் கேட்டது. காற்று இரைச்சல். அபாவுக்கு விளங்கவில்லை.

"யாருப்பா?"

"லார்யே. கேப் கோஸ்ட்ல சண்டை போட்டோமே."

"தம்பி, இப்பச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. என் புருஷன் தோணி..."

"மஞ்சள் தோணியா? பேசுறவன் பேசட்டும்னு எழுதியிருக்கா?"

அபா எழுந்து நின்றுவிட்டாள்.

"எஞ்சின் செத்துப்போயி மெதந்துக்கிட்டு இருந்துச்சு. விடியக்காலைல பாத்தோம். கயிறு போட்டு இழுத்துட்டு வர்றேன். பதினாலு பேரும் இருக்காங்க. இப்பத்தான் போனுக்கு டவர் கெடச்சுது, வாட்ஸ்அப் குழுவுல உங்க ஊர்னு எனக்கு அடையாளம் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான். இதுல ஒருத்தர் என் சமையல்காரன்கிட்ட மிளகாய் போதாதுன்னு காலைலருந்து சண்டை போட்டுட்டு இருக்காரு."

"நெட்டையா? முன்பல்லு ஒண்ணு இல்லாம?"

"ஆமா."

"அது அவருதான்" என்றாள் அபா. அப்படியே மணலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து கத்தினேன். "இருக்காங்க! எல்லாரும் இருக்காங்க!" கரை முழுக்க ஓட்டம். எகுவா எங்கிருந்தோ ஓடி வந்து, நேராக அபாவின் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மணலில் உருண்டதைப் பார்த்து, சண்டை என்று நினைத்து விலக்க ஆள் ஓடி வந்தது.

கப்பல் அடிவானத்தில் தெரிந்ததும் எங்கள் தோணிகள் போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டன. மஞ்சள் தோணி கரை தட்டியபோது முழங்கால் தண்ணீரில் நாங்கள் எல்லாரும் நின்றோம். குவாமெனா இறங்கினான். கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டான். பிறகு அபாவின் முன்னால் வந்து நின்றான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"எசியோட அப்பா, வீட்டுக்கு வாங்க" என்றாள் அபா.

"பசிக்குது. அந்தக் கப்பல்காரன் சமையல் மனுசன் திங்கிற மாதிரியா இருக்கு? நேத்து எனக்குச் சட்டி அனுப்பினியா?"

"அனுப்பல. நீங்கதான் கடல்ல இருந்தீங்களே."

"இன்னைக்கு அனுப்பு." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, நானே வர்றேன்" என்றான்.

தோணியில் மீன் இருந்தது. எஞ்சின் நிற்பதற்கு முன் பிடித்தது. லார்யே ஐஸ் கொடுத்திருந்ததால் கெடவில்லை. குவாமெனா ஒரு கூடையை எடுத்து எல்லாருக்கும் முன்னால் அபாவின் தட்டில் கவிழ்த்தான். "இதுல விளக்கு இல்ல, மருந்து இல்ல. போட்டுப் பாரு" என்றான். அவள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நடையைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தது.

நானா எம்பிர் அபாவின் போனை வாங்கியிருந்தார்; சத்தமாக வைத்து லார்யேவிடம் பேசினார். நன்றி சொன்னார், ஆசீர்வாதம் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்: "நீ எந்த இடத்துல எங்க தோணியப் பாத்த?"

"வெளிக்கடல்ல நானா."

குவாமெனா பக்கத்திலிருந்து கத்தினான். "பொய் சொல்றான்! கரை மலை எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சுது. எல்லைக்குள்ளதான் இருந்தான்."

"உங்க தோணி மெதந்து வெளிய வந்துச்சு, நான் உள்ள வரல."

"சரி, நன்றி நன்றிதான். ஆனா உன் மேல புகார் எழுதிப் போடுவேன்" என்றார் நானா.

"போடுங்க நானா. அதுல உங்க ஆளு எங்க சமையல்காரனைத் திட்டினதையும் சேத்து எழுதுங்க."

ஊரே சிரித்தது. எத்தனை நாளாயிற்று அந்தக் கரை அப்படிச் சிரித்து.

அன்று சாயங்காலம் அபாவின் அடுப்பில் சாளை வெந்தது. தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து நான் எட்டிப் பார்த்தேன். புரட்டினாள். ஒன்றுகூட உடையவில்லை. தோல் பொன்னிறமாக, முதுகு முழுசாக. குவாமெனா அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து இரண்டாவது டொக்கோனுவைப் பிரித்துக்கொண்டிருந்தான். அபா ஒரு மீனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

இன்றைக்கும் எங்கள் ஊரில் அந்த மீன் ஏன் வந்தது என்பதற்கு ஒரு பதில் கிடையாது. குளிர்ந்த தண்ணீர் மேலே வந்தது, மூடாவிட்டாலும் வந்திருக்கும் என்கிறார் நானா. "நான் அப்பவே சொன்னேனே, கடல் நல்லாத்தான் இருக்குன்னு" என்று லார்யே வாட்ஸ்அப்பில் எழுதினான். ஜெபம் என்கிறாள் எகுவா. அபாவிடம் கேட்டால், "வந்துச்சா, உதிரலையா, போதும். அடுத்த வருசம் மூடுறதுக்கு முன்னாடி எஞ்சினைக் கழட்டி எண்ணெய் போட்டு வையுங்க" என்பாள். விளக்குத் தோணிகள் அடியோடு ஒழிந்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப் பிடித்த மீன் வந்தால், அபா மட்டும் இல்லை, நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வாங்காமல் திரும்பிவிடுகிறோம். எகுவாவும் அதில் உண்டு.

மஞ்சள் தோணி திரும்பிய வார ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நன்றி வழிபாடு. பதினாலு பேரின் குடும்பமும் வெள்ளை உடுத்தி, பாட்டுக்கு ஆடிக்கொண்டே காணிக்கைக்குப் போனோம். அபாவுக்குத் தலைத்துணி கட்டிவிட்டது எகுவாதான். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அது நீண்டுகொண்டே போனது. பல நாளாகத் தூங்காத அபா, வாய் லேசாகத் திறந்தபடி எகுவாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குறட்டை கேட்டு முன்வரிசை திரும்பிப் பார்த்தது. எகுவா முறைத்தாள், அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரசங்கம் முடியும் வரை எகுவா தன் தோளை அசைக்கவே இல்லை.